இருபத்து மூன்று கைகள்

ஆஸ்பத்திரியில் ஒருத்திக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டால், பெற்றவர்கள் வைத்த பெயரை அவளே மறந்துவிட வேண்டியதுதான். மூன்றாம் மாடிக் கோடியில் உடைந்த சக்கர நாற்காலிகள் போட்டுவைத்திருந்த அறையைக் காலி பண்ணி, ‘செவிலியர் ஆராய்ச்சிப் பிரிவு’ என்று பலகை மாட்டி, ஒரு கம்ப்யூட்டரையும் அவளையும் உள்ளே வைத்த நாளிலிருந்து அவள் ‘ஏன் அக்கா’. இருபது வருஷம் வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவள்தான். ஆனாலும் எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பாள். நன்றாகத் தூங்குகிற நோயாளியை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பி ஏன் ஜுரம் பார்க்கிறோம்? மத்தியான ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரியே ஏன் தண்ணீரை நிறுத்துகிறோம்? “அதான் வழக்கம்” என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

வேலை என்னவோ கல்யாணத் தரகு மாதிரிதான். வார்டு நர்ஸ் ஒருத்தி ஒரு சந்தேகத்தைக் கொண்டுவருவாள். இவள் அதற்குத் தோதான ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடி எடுத்து, இரண்டுக்கும் பொருத்தம் பார்த்து, “சரி, நம்ம வார்டிலேயே செஞ்சு, எண்ணிப் பாத்துடலாம்” என்று முடித்துவைப்பாள். பாதி சம்பந்தம் பாதியிலேயே முறிந்துபோகும். அதற்கெல்லாம் அவள் அசருகிற ஆள் இல்லை. பழக்கதோஷத்தில் இன்னமும் யாராவது ஓர் உடைந்த சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து அவள் அறை வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள், அதற்கும் அசர மாட்டாள்.

அப்படிப்பட்டவள் அந்தத் திங்கட்கிழமை அசந்துபோனாள்.

மேஜை மேல் ஓர் அட்டைப்பெட்டி, ஜன்னலுக்கு வெளியே சலவைக் கூடத்துக் கொடியில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள். பெட்டியில் இருந்த படிவங்களை அவள் மூன்று தடவை எண்ணினாள். மூன்று தடவையும் இருபத்து மூன்று. அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் வெறும் ஒன்பது. நாலாவது தடவையும் எண்ணினாள். எண்ணிக்கை என்ன, கெஞ்சினால் இறங்கிவருமா?

விஷயம் இதுதான். ட்ரிப்ஸ் ஏற்றுவதற்காகக் கையில் நரம்பு தேடிக் குத்தி, உள்ளே ஒரு மெல்லிய குழாயை விட்டு, மேலே பிளாஸ்டர் ஒட்டிவிடுவார்கள் அல்லவா? அந்த ஆஸ்பத்திரியில் அதை மூன்று நாளைக்கு ஒருமுறை பிடுங்கிவிட்டு வேறு இடத்தில் குத்துவது வழக்கம். நன்றாக இருந்தாலும் பிடுங்க வேண்டும், நரம்பே கிடைக்காத கிழவியானாலும் குத்த வேண்டும். ஏன் என்றால், வைத்துக்கொண்டே இருந்தால் கை சிவந்து, வீங்கி, பழுத்து, கிருமி ரத்தத்துக்குள் போய்விடுமாம். ஆனால் வெளியே பெரிய பெரிய ஆராய்ச்சிகள் செய்தவர்கள் வேறு மாதிரி சொல்லியிருந்தார்கள்: ஒவ்வொரு ஷிஃப்டிலும் அந்த இடத்தைக் கண்ணால் பாருங்கள், சிவப்போ வலியோ வீக்கமோ தெரிந்தால் உடனே எடுங்கள், நன்றாக இருந்தால் சும்மா விடுங்கள், கெடுதல் ஒன்றும் கூடுவதில்லை. ஏன் அக்கா இதைப் படித்துவிட்டுப் பெண்கள் வார்டில் போய் நின்றாள்.

பெண்கள் வார்டின் தலைமை சிஸ்டருக்கு ‘கடிகாரம்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் மட்டும்தான். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. மூன்றாம் நாள் காலை பத்து மணி அடித்தால் அவர் ஊசித் தட்டோடு வார்டுக்குள் வருவார், பெண்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவார்கள். அவரைச் சம்மதிக்க வைக்க ஏன் அக்காவுக்கு ஒரு வருஷமும் ஒரு ஜோடிச் செருப்பும் தேய்ந்தன. “சரி, மூணே மாசம். ஆனா ஒரு கை வீங்கினாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்” என்று கடைசியில் தலையாட்டினார். ஆட்டிய தலையோடு நிற்காமல், தன் நர்ஸுகளை நிற்க வைத்து ஏன் அக்காவை இரண்டு நாள் பயிற்சியும் கொடுக்க வைத்தார்.

வீக்கம் கண்டால் நர்ஸ் ஒரு படிவம் எழுதிப் பெட்டியில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. இப்போது ஒரு கை இல்லை, இருபத்து மூன்று கை.

மறைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகப் பெண்கள் வார்டுக்கு இறங்கினாள். கடிகாரம் சிஸ்டர் தன் மேஜையில் உட்கார்ந்து பச்சை மையால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எண்ணிக்கையைக் கேட்டதும் பேனாவை மூடினார்.

“இருபத்து மூணா?”

“ஆமா சிஸ்டர்.”

“ஒம்பது இருந்தது, இருபத்து மூணு ஆயிருக்கு.”

“ஆமா சிஸ்டர்.”

அவர் கத்தியிருந்தால் தேவலாம். கத்தவில்லை. வார்டை ஒருமுறை பார்த்தார். முப்பது கட்டில், முப்பது பெண்கள்.

“இந்த மூணு மாசமா பத்து மணிக்கு என்னைப் பாத்து யாரும் அழல. தெரியுமா உனக்கு? நான் வந்தா சிரிக்கறாங்க. எனக்கே ஒரு மாதிரி இருந்தது.” பேனாவைத் தள்ளி வைத்தார். “சிரிக்க வச்சு வீங்க வச்சிருக்கோம். வியாழக்கிழமை மேடத்துகிட்ட நானே சொல்லிடறேன். அன்னையிலேர்ந்து பழையபடி மூணு நாளைக்கு ஒரு தடவை. அதுவரைக்கும் எல்லாக் கையையும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா நானே பாக்கறேன்.”

மேடம் என்பது ஆஸ்பத்திரியின் நர்சிங் சூப்பரின்டென்டென்ட். வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு அவரிடம்தான் முடிவைச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி தோற்றால் தோற்கட்டும், அது தொழிலில் சகஜம். ஆனால் தன் பேச்சைக் கேட்டு இருபத்து மூன்று பேருக்குக் கை வீங்கியது என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது? அந்த வார்டிலிருந்து வீட்டுக்குப் போனவர்களில் யாருக்காவது பிறகு குளிர்ஜுரம் வந்திருந்தால்? அன்று மாலை அவள் பஸ்ஸில் தன் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய், திரும்பி நடந்து வந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு டப்பா அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. டப்பாவைக் கழுவுவது மகளின் வேலை. அவள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் வந்து நின்றாள்.

“நேத்தும் சாப்பிடல, இன்னிக்கும் சாப்பிடல. ஆஸ்பத்திரியில என்ன ஆச்சு?”

சொன்னாள். மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம், உலகத்தில் எல்லாவற்றுக்கும் குறுக்குவழி உண்டு என்று நம்புகிற வயது. “பத்துப் பன்னெண்டைக் குறைச்சுப் போடும்மா. பெட்டியைத் திறந்தது நீ. எண்ணினது நீ. யாருக்குத் தெரியப்போகுது?”

லிஃப்ட் மெக்கானிக்கான ஏன் அக்காவின் கணவர் சுவரில் சாய்ந்தபடி நகத்திலிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “அது சரி. லிஃப்ட் நடுவழியில தொங்கறப்போ போர்டுல மூணாவது மாடின்னு காட்டட்டும், நல்லாத்தான் இருக்கும். கதவைத் திறந்து காலை வைக்கறவன் கதி?” என்றார். பிறகு மனைவியைப் பார்த்து, “ஏம்மா, போர்டு தப்பா காட்டினா நாங்க முதல்ல போர்டைத் திட்ட மாட்டோம். லிஃப்ட் எங்க நிக்குதுன்னு ஏறிப் போய்ப் பாப்போம். நீ போய் அந்தக் கைங்களைப் பாத்தியா?”

பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்த மறு நிமிஷமே தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். பார்க்கப் பயமாகவும் இருந்தது. பேய்க்குப் பயந்தவள் சுடுகாட்டில் வீடு கட்டின கதையாக, கையைப் பார்க்கப் பயந்துகொண்டு அதே ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமை எப்படியும் போய்விடுவது, மன்னிப்பாவது கேட்பது என்று முடிவு செய்துகொண்டு படுத்தாள்.

படிவங்களில் நோயாளியின் பெயர் கிடையாது. யாருடைய உடம்புச் சங்கதியும் வெளியே போகக் கூடாது என்று அவளே வைத்த விதி, அதில் அவளுக்குப் பெருமை கூட. தேதி, ஷிஃப்ட், கட்டில் நம்பர், எந்தக் கை, எவ்வளவு வீக்கம், அவ்வளவுதான். படிவத்தை எழுதிய கையோடு நர்ஸ் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். யாரும் நடுவில் கைவைக்கக் கூடாது என்பதற்காக மூன்று மாதமும் பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தாள். புதன்கிழமை காலை, கடைசி இரண்டு வாரத்துப் படிவங்களை மட்டும் எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனாள்.

அதில் ஒன்றில் பதினாலாம் நம்பர் கட்டில் என்று இருந்தது. பதினாலில் ஒரு தையல்காரம்மா இருந்தார். வயது ஐம்பது இருக்கும். காலில் புண் புரையோடி, நாளுக்கு மூன்று வேளை மருந்து ஏறிக்கொண்டிருந்தது. இப்போது குழாய் இருந்தது வலது கையில். ஏன் அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“உங்க இடது கை வீங்கியிருந்ததாமே. அதைப் பாக்கணும்னு வந்தேன்.”

தையல்காரம்மா இடது கையை நீட்டினார். தோல் சாதாரணமாக இருந்தது. “அதெல்லாம் எப்பவோ வடிஞ்சு போச்சும்மா. லேசா சிவந்தது, பாத்த உடனே பிடுங்கிட்டாங்க. ஒத்தடம் குடுத்தாங்க. ரெண்டு நாள்ல சரியாயிடுச்சு.”

“என் யோசனைதாங்க அது. மூணு நாள்ல மாத்த வேணாம்னு சொன்னது நான்தான். என்னை மன்னிச்சிடுங்க.”

“இதுக்கு எதுக்கு மன்னிப்பு? போன வருஷம் இதே வார்டுல பதினஞ்சு நாள் கிடந்தேன். ஏழு இடத்துல குத்தினாங்க. நான் இடது கைக்காரி, கத்திரிக்கோல் பிடிக்கற கைம்மா இது. ஒரு மாசம் துணி வெட்ட முடியல. இந்தத் தடவை ரெண்டே குத்து.” அந்த அம்மா சிரித்தார். “ஆனா ஒண்ணு. இந்த வீக்கத்துக்கு வந்த கூட்டம் இருக்கே! காலையில ஒரு பொண்ணு வந்து பாத்து எழுதினா. மத்தியானம் ஒண்ணு வந்து எழுதுச்சு. ராத்திரி இன்னொண்ணு டார்ச் அடிச்சுப் பாத்து எழுதுச்சு. மறுநாள் மறுபடி ரெண்டு பேர். எனக்கு இருக்கறதே ரெண்டு கைதான், எத்தனை தடவைதான் எழுதுவாங்க?”

ஏன் அக்கா கையிலிருந்த படிவங்களைப் பார்த்தாள். பதினாலாம் கட்டிலுக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

“அஞ்சு தடவையா? இங்க ஒண்ணுதான இருக்கு.”

“அப்போ நான் ஆறுல இல்ல இருந்தேன்? ஜுரமா இருந்ததுன்னு பெரிய சிஸ்டர் அவங்க மேஜைக்குப் பக்கத்துல போட்டிருந்தாங்க. கொஞ்சம் தேறினதும் பதினொண்ணு. அப்புறம் இங்க, ஜன்னலோரம்.”

அவள் படிவங்களைப் புரட்டினாள். ஆறாம் நம்பர் கட்டில், இடது கை, காலை ஷிஃப்ட். அதே ஆறு, அதே இடது, மத்தியானம். அதே ஆறு, ராத்திரி. மறுநாள் பதினொன்று, இடது. அன்று சாயங்காலம் பதினாலு, இடது. ஐந்து படிவம், ஒரே கை, கத்திரிக்கோல் பிடிக்கிற இந்த அம்மாவின் ஒரே கை.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அவளுக்குப் பயிற்சி நாள் ஞாபகம் வந்தது. அந்த வார்டு நர்ஸுகளுக்கு ஒரு பழைய வியாதி: முந்தின ஷிஃப்ட் எழுதியிருக்கும் என்று இவர்கள் விடுவார்கள், அடுத்த ஷிஃப்ட் எழுதும் என்று அவர்கள் விடுவார்கள். அதனால் அவளே கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டாள்: ‘கண்டால் எழுது. மற்றவர் எழுதியிருப்பார் என்று விடாதே.’ தங்கமான பிள்ளைகள், சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தார்கள். வீக்கம் வடிகிற வரைக்கும் ஷிஃப்டுக்கு ஒன்று எழுதிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பெயர் வேண்டாம் என்றதும் அவள், கட்டில் நம்பர் போதும் என்றதும் அவள். அந்த வார்டில் கட்டில்கள் நிற்கிற இடத்தில் நிற்கும், பெண்கள்தான் உடம்புக்குத் தக்கபடி இடம் மாறுவார்கள் என்பது ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். மூன்றும் நல்ல பழக்கம்தான், மூன்றும் சேர்ந்து அவளுக்குக் குழி பறித்திருந்தன.

ஓடக் கூடாது என்று நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் கடிகாரம் சிஸ்டரின் மேஜைக்கு ஓடினாள்.

“சிஸ்டர், யார் எந்தக் கட்டில்ல, எப்போ இருந்தாங்கன்னு கண்டுபிடிக்க முடியுமா? மூணு மாசத்துக்கும்?”

கடிகாரம் சிஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன கேள்வி இது?” மேஜை இழுப்பறையைத் திறந்து நீளமான ஒரு நோட்டை எடுத்துப் போட்டார். பக்கம் பக்கமாகப் பச்சை மை. எந்தப் பெண்ணை, எந்தக் கட்டிலிலிருந்து எந்தக் கட்டிலுக்கு, எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்கு மாற்றினார் என்று ஒன்று விடாமல் இருந்தது. இந்த நோட்டை எழுதச் சொல்லி யாரும் சொன்னதில்லை. முப்பது வருஷமாக அவராகவே எழுதுவது. புதிதாக வரும் நர்ஸுகள் இதை வைத்துத்தான் அவரைக் கேலி செய்வார்கள். ஏன் அக்காவே ஒருமுறை செய்திருக்கிறாள், அதை நினைத்து இப்போது காது சூடாகிவிட்டது.

விஷயத்தைச் சொன்னாள். சிஸ்டர் மேஜையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

மாடியிலிருந்து பெட்டியையும் கொண்டுவந்து, இரண்டு மணி நேரம் நோட்டையும் எல்லாப் படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஐந்து படிவம் ஒரு பெண், நான்கு படிவம் ஒரு பெண், மூன்று படிவம் இன்னொரு பெண். கடைசியில் எட்டுப் பெண்கள்தான். எண்ணி முடித்து நிமிர்ந்தாள். “எட்டு...” என்று ஆரம்பித்தாள்.

“சொல்லாத” என்றார் சிஸ்டர். “நீ எட்டுன்னா எட்டு, பத்துன்னா பத்துன்னு நான் தலையாட்டணுமா? திங்கக்கிழமை நீ சொன்ன கணக்கையும் அப்படித்தான் நம்பினேன். ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் இல்ல. உன் தாளை மடிச்சுப் பையில வை. நான் தனியா எண்ணறேன்.”

அந்த ‘எட்டு’ தன் வாயிலேயே வந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் விட்டுவிட்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, படிவங்களைக் கலைத்துப் போட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் விரல் ஒவ்வொரு வரியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு ஏன் அக்கா பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளையாக நின்றாள். ஒரு மணி நேரம் கழித்து அவர் பேனாவை வைத்தார்.

“ஒம்பது.”

“எனக்கு எட்டு வந்துதே சிஸ்டர்!”

“நீ ஆளை எண்ணினியா, கையை எண்ணினியா?” பச்சை மை விரல் ஒரு வரியில் நின்றது. “இந்தப் பொண்ணுக்கு ரெண்டு கையும் வீங்கியிருக்கு. முதல்ல வலது. அதை எடுத்துட்டு இடதுல போட்டோம், நாலு நாள் கழிச்சு அதுவும். ஆள் எட்டு, கை ஒம்பது. சோதனைக்கு முந்தி எழுதின ரெஜிஸ்டர்ல ஆளுக்கு ஒரு வரி, அப்போ அது ஒம்பது ஆள். ஆளை ஆளோட வச்சுப் பாரு. அப்போ ஒம்பது, இப்போ எட்டு.”

இரண்டு பேரும் மறுபடி நோட்டைப் புரட்டினார்கள். அந்த எட்டுப் பேரும் என்ன ஆனார்கள் என்பதையும் நோட்டிலேயே தேடினார்கள். ஏழு பேர் நல்லபடியாக வீட்டுக்குப் போயிருந்தார்கள், குளிர்ஜுரம் என்று யாரும் திரும்பி வரவில்லை. எட்டாவது ஆள் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரிக்கு ரவிக்கை அளவு எடுப்பது எப்படி என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார். ஏன் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. துக்கத்தில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் நிம்மதியில் உடைத்துக்கொண்டு வந்தது.

“சே, தள்ளி நில்லு. படிவம் நனையுது” என்றார் கடிகாரம் சிஸ்டர். மூக்கை உறிஞ்சிவிட்டு, ஏ.சி.யைக் குறை சொன்னார். அந்த வார்டில் ஏ.சி. கிடையாது.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு மேடத்தின் அறையில் இரண்டு பேரும் நின்றார்கள். ஏன் அக்கா முதலில் தன் தப்பைத்தான் சொன்னாள்: படிவம் அமைத்ததில் கோளாறு, காகிதத்தை எண்ணிவிட்டுக் கை என்று நினைத்துவிட்டேன், இனிமேல் ஒவ்வொரு படிவத்திலும் ‘புதியதா, முன்பே எழுதியதா’ என்று ஒரு கட்டம் இருக்கும், பெயருக்குப் பதில் ஒரு ரகசிய நம்பரும் இருக்கும். அதன் பிறகுதான் முடிவு. வீக்கம் கூடவில்லை. குத்து மட்டும் பாதியாகக் குறைந்துவிட்டது. முந்தைய மூன்று மாதத்தில் அறுநூற்றுப் பதினொன்று, இப்போது முந்நூற்று இரண்டு.

மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “வீக்கம் குறைஞ்சிருக்குன்னு சொல்லலையா? ஒம்பது, எட்டு ஆகியிருக்கே.”

“ஒண்ணு கூடுறதும் குறையறதும் தற்செயல் மேடம். கூடலைன்னு மட்டும்தான் சொல்ல முடியும்.”

மேடம் கடிகாரம் சிஸ்டர் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன சொல்றீங்க? வேணாம்னு ஒரு வருஷம் நின்னவங்க நீங்கதானே.”

“நானே எண்ணினேன் மேடம்” என்றார் சிஸ்டர். மேடத்துக்கு அது போதும். பெண்கள் வார்டில் இதுவே தொடரட்டும், அடுத்த மாதம் ஆண்கள் வார்டிலும் தொடங்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவர்கள் வார்டுக்குத் திரும்பி வந்தபோது மணி சரியாகப் பத்து. தையல்காரம்மாவின் வலது கைக்கு மூன்று நாள் கெடு எப்போதோ தாண்டியிருந்தது. சோதனை நின்றுபோகப் போகிறது என்ற பேச்சு இரண்டு நாளாக வார்டில் அடிபட்டிருக்க வேண்டும். கடிகாரம் சிஸ்டர் தன் கட்டிலை நோக்கி வருவதைப் பார்த்ததும் அந்த அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, கையை மட்டும் நீட்டினார்.

சிஸ்டர் குனிந்தார். பிளாஸ்டருக்கு மேலாக விரலால் மெதுவாக அழுத்தினார். “வலிக்குதா?”

“இல்ல.”

கையைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, ஓரமெல்லாம் பார்த்தார். பிறகு அந்தக் கையைத் திரும்பக் கொண்டுபோய்ப் போர்வை மேல் வைத்தார்.

தையல்காரம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “குத்தலையா சிஸ்டர்?”

“நல்லாத்தானே இருக்கு” என்றார் கடிகாரம் சிஸ்டர். “ஏன் குத்தணும்?”

சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏன் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்திருப்பார்.

அவளுக்குத் திடீரென்று அப்படியொரு பசி எடுத்தது. மூன்று மாடியும் படியேறிப் போனாள். சாவி பையின் அடியில் எங்கேயோ கிடந்தது, தேடப் பொறுமை இல்லை. அறை வாசலில் யாரோ ஓர் உடைந்த சக்கர நாற்காலியை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதிலேயே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். மூன்று நாளாகத் திரும்பி வந்ததால் கோபித்துக்கொண்டு மகள் இன்றைக்குக் கொஞ்சமாகத்தான் வைத்திருந்தாள். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு, மூடியையும் வழித்தாள்.